தீர்த்தம்மாள் வாயில் வராத பேர்

என் பேர் அர்ச்சுனன். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இதைச் சொல்ல ஆள் கிடையாது. என் மனைவி தீர்த்தம்மாள் கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘ஏங்க’ என்பாள், ‘இந்தாங்க’ என்பாள், கோபம் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவாள். பேர் மட்டும் வராது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். புண்ணியவதி.

ஒருமுறை காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் கிடந்த என்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வெளியூர் நர்சம்மா என் பேரைக் கேட்க, “தபசு மரம் ஏறுனவருங்க” என்றிருக்கிறாள். எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்க்காதவர் கிடையாது. அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மரம் ஏறி விழுந்தவன் என்று நினைத்து என்னை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சலே விட்டுப்போயிற்று.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இடி அப்படியில்லை. தீர்த்தம்மாள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் காட்டுப் புளியமரத்தில் இடி விழுந்து, கீழே கட்டியிருந்த மாடுகள் அவள் கண்ணெதிரே செத்துப்போயின. அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அவள் வீட்டுக்குள் ஓடிவிடுவாள். இடி இடிக்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொன்னால் ஒன்றும் ஆகாது என்பார்களே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கல்யாணம் வரைக்கும் சமாளித்திருக்கிறாள். பிறகு நான் வந்து சேர்ந்தேன், அதே பேரோடு.

ஊரே அர்ச்சுனனைக் கூப்பிடுகிற நேரத்தில் இவள் மட்டும் மூலையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். எனக்கு மனசு கேட்காது. “சொல்லித் தொலடி, என் ஆயுசு என்ன உப்பா, கரைஞ்சி போறதுக்கு” என்று கத்துவேன். மாட்டேன் என்று தலையைத்தான் ஆட்டுவாள். என் உயிருக்காகத் தன் தைரியத்தை விட்டுக்கொடுத்தவள். அவள் ஒரே ஒரு தடவையாவது பயமில்லாமல் அந்தப் பேரைச் சொல்லிவிட வேண்டும், அதை நான் கேட்க வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

மகன் வீரமணிக்குப் பெங்களூரில் வேலை. மருமகள் யுவராணி அவனை ‘வீரா, வாடா’ என்றுதான் கூப்பிடும். முதல் தடவை அதைக் கேட்டதும் தீர்த்தம்மாள் ஓடிப்போய் மகன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்தக் கோடையில் போயிருந்தபோது, பேத்திக்குக் காட்டலாம் என்று எங்களையும் சேர்த்து அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டுகிற கண்ணாடிக்கு முன்னால் தீர்த்தம்மாள் நகரவே மாட்டேன் என்றாள். என்னைப் பூசணிக்காயாகக் காட்டியதில் அவளுக்கு அப்படியொரு சிரிப்பு. அதே சிரிப்போடு பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். வெளியே பலகையில் இருந்த கன்னடமும் இங்கிலீஷும் எங்கள் இரண்டு பேருக்கும் எட்டாதது. மகனாவது படித்திருக்கலாம், போன் பார்த்துக்கொண்டு வந்தான் மகராசன்.

கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். விளக்கிச் சொல்ல வந்த பெண் “பயபடபேடி” என்றது. பயப்படாதே என்று சொன்னால் பயப்பட என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். தீர்த்தம்மாள் என் கையைப் பிடித்தாள். அடுத்த நிமிஷம் மேடையில் இருந்த கம்பத்து உச்சியிலிருந்து கரண்டில் செய்த நீல மின்னல் சடசடவென்று கிளம்பியது. பேத்தி வீறிட்டது. அவ்வளவுதான், குழந்தையை முந்தானைக்குள் இழுத்துப் பொத்தி, அதன்மேல் குனிந்துகொண்டு, அறை அதிர, “அர்ச்சுனா! அர்ச்சுனா!” என்றாள்.

என்னைத்தான் கூப்பிட்டாள் என்று நான் என்னை அறியாமல் “ஏன்?” என்று எழுந்து நின்றுவிட்டேன். சுற்றியிருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு.

விளக்கு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமில்லை. தனக்காக ஒருநாளும் திறக்காத வாய் பேத்திக்காகத் திறந்துவிட்டது. இப்போது எனக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம். கேன்டீனில் வாங்கிய இட்லியைத் தொடவில்லை. “நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஆசைப்பட்டுக் கேட்ட பேர் இப்படியா வரவேண்டும் என்று நானும் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

யுவராணிதான் பொறுக்க முடியாமல், “அத்தை, நான் தெனமும் இவன் பேர எத்தன தடவ சொல்றேன், பாருங்க எப்படி இருக்கான்னு” என்றது. வீரமணி அப்போது மூன்றாவது வடையில் இருந்தான். தீர்த்தம்மாள் அவனை மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷம் நான் கத்தி ஏறாதது அந்த வடையைப் பார்த்து ஏறிவிட்டது போல. தன் இட்லியைப் பிய்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் நல்லம்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். மூடியிருந்த உரக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். மின்னியது. நான் அவள் முந்தானையைப் பார்த்தேன். அவள் அதைத் தொடவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“அர்ச்சுனாங்க... அர்ச்சுனாங்க...”

இடியை விரட்டுகிற பேருக்குக்கூட ‘ங்க’ போட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. “இங்கதான் இருக்கேன்” என்றேன்.

அடுத்த இடிக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.