ஆக்டோபஸும் கரியடுப்பு இடுக்கியும்

இன்று மகனும் மருமகள் கிரேஸும் ரவாங்கிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கிரேஸுக்குச் சுட்ட ஆக்டோபஸ் என்றால் உயிர். காலையில் பாசார் மீன்கடையில் ஒன்று வாங்கி, மசாலா தடவி, கரியடுப்பில் வைத்தேன்.

ஐம்பது ஆண்டுகளாகக் கணவாய் மீன் சுடுகிறேன். இரண்டு புரட்டு புரட்டி எடுத்தால் மெத்தென்று இருக்கும். இதுவும் அதற்கு உறவுதானே என்று அதேபோல் எடுத்துவிட்டேன்.

கிரேஸ் ஒரு துண்டை வெகுநேரம் மென்றாள்.

"நல்லா இருக்கு, அத்தை."

நானும் கடித்தேன். என் பல்செட் கழன்று வந்தது.

"உண்மையைச் சொல்லு" என்றேன்.

"மொதல்ல ஒரு மணி நேரம் வேக வைக்கணும், அத்தை. அப்புறந்தான் சுடணும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"போன கிறிஸ்மஸுக்கு உங்க கறியில உப்பு பார்த்தேன்னு ரெண்டு வாரம் பேசவே இல்லயே. பயம் லா."

மகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

மிச்சத்தை வேகவைத்தேன். பிறகு கரியடுப்பின் இடுக்கியை அவளிடம் நீட்டினேன். என் கணவர் இருந்தவரை அது அவர் கையில்தான் இருந்தது. அவர் போன பிறகு வேறு யாரையும் நான் தொட விட்டதில்லை. அது கிரேஸுக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு, இரு கைகளாலும் வாங்கினாள்.

மறுபடி மசாலா தடவி அவளே சுட்டாள். மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். பல்செட் அசையவில்லை.

உப்பு மட்டும் சற்றுக் குறைவு. நான் வாய் திறக்கவில்லை. நீங்களும் கீழே கமெண்டில் அவளை டேக் செய்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.