உள்ளிருந்து விட்ட விரிசல்

இரண்டாக உடைந்த அந்த செராமிக் பிளேடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கேஸ் டர்பைனுக்குள் கொதிக்கும் வாயுவைத் திருப்பிவிடும் பிளேடு. உலோகம் இளகிவிடும் சூட்டிலும் செராமிக் நிற்கும் என்று நம்பித்தான் சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் அதைச் செய்தது. வடிவமைத்தவர் எங்கள் பேராசிரியர்; எங்களுக்கு மேடம். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கணினியில் கணக்குப் போட்டவள் நான். செலவை ஏற்றிருந்த கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோதனையில் அது உடைந்தது.

"கிரைண்டிங்ல கீறல் விட்டுட்டாங்க, சார்" என்றார் மேடம், சற்றும் யோசிக்காமல். கடலூர்ப் பட்டறையில் அதை கிரைண்டிங் செய்து, சாணையில் தேய்த்து வடிவாக்கிக் கொடுத்த தொழிலாளி கதவோரம் நின்றிருந்தார். செராமிக் உடைய மயிரிழைக் கீறல் போதும் என்பதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். "நான் நல்லா பாத்துதாங்க குடுத்தேன்" என்றார் அவர். எல்லோரும் மேடத்தின் பக்கமே திரும்பிக்கொண்டார்கள். நானும்தான்.

மறுவாரம் பிளேடு உடைந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தோம். விரிசல் மேற்பரப்பில் தொடங்கவில்லை. சூளையில் சுடும்போதே உள்ளே தங்கிவிட்ட ஒரு துளையிலிருந்து கிளம்பியிருந்தது. சிறு துண்டுகளை உடைத்துப் பார்த்துக் கிடைத்த பலத்தையே பெரிய பிளேடுக்கும் மேடம் வைத்துக்கொண்டிருந்தார். உருவம் பெரிதானால் உள்ளே குறை ஒளிந்திருக்கும் வாய்ப்பும் கூடும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

பட்டறைக்கு ஃபோன் செய்தால், அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்றார்கள். அன்று மாலையே கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனோம்.

"தப்பு என்னோடதுங்க. உங்க மேல பழி போட்டுட்டேன்" என்றார் மேடம் வாசலில் நின்றபடியே.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு வந்திருந்தாங்களே, அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

அந்த ஒரு பதிலில் மேடத்தின் குரல் எவ்வளவு சிறுத்துப் போயிற்று! எனக்கும் அங்கே நிற்கக் கூசியது. மேடம் வாசலிலேயே நின்று கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். பிறகு பட்டறை முதலாளிக்கும். முதலாளி திரும்ப வேலைக்குக் கூப்பிட்டும் அந்தத் தொழிலாளி போகவில்லை. "செய்யாத தப்புக்கு நாலு பேரு எதிர்ல நின்னாச்சு. மறுபடி அங்க போவ மனசு வரலைங்க" என்றார்.

போன மாதம், தடிமனையும் வளைவையும் மாற்றிச் செய்த புதிய பிளேடு சோதனையைத் தாங்கியது. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது மேடத்தைக் காணோம். வெளியே, ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார்.

"கிரைண்டிங் பண்ணிக் குடுத்தவருகிட்ட சொல்லலாம்னு பாத்தேன்மா" என்றார். "எடுக்கல."