பொல்பலாவும் ஸ்டெல்லாவின் கையும்

"அம்மா போயிட்டாங்க சேர்." அம்பிட்டியவிலிருந்து ஸ்டெல்லாவின் மகள் அழைத்தபோது, நான் பொல்பலாச் செடி அவித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதைக் குடிக்க மனம் வரவில்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில் எலிகளைப் பராமரித்தவர் ஸ்டெல்லா. ஊர் மடுல்கெல்ல. அவரோடு நின்றவர்களுக்கு நினைவிருக்கும், எலிகளுக்கும் அவர் வாயில் "வாங்க, போங்க"தான். நான் கிட்டப் போனால், "பயப்படாதீங்க, சேருக்கும் பயந்தான்" என்று அவற்றுக்கு ஆறுதல் சொல்லுவார். பொய்யில்லை, கடித்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

கண்டியில் வீட்டுக்கு வீடு அவித்துக் குடிக்கிற அந்தச் செடி சிறுநீரைப் பெருக்குமா, உடம்புக்குத் தீங்கில்லையா என்பதுதான் என் பட்டத்துக்கான ஆய்வு. பொல்பலா கொடுத்த எலிகளை நானும், வெறும் தண்ணீர் கொடுத்தவற்றை அவரும் பார்த்தோம். என் எலிகளின் கூண்டுக்கடியில் வைத்த குழாய்களில் சிறுநீர் நிரம்பியது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா கேக்கைத் தொடவில்லை. "சேர், அது மருந்து இல்ல, உங்க கை."

அவர் ஒவ்வோர் எலியின் அடிவயிற்றையும் மெல்ல அமுக்கி, இருந்த சிறுநீரைப் போகவிட்டுத்தான் கூண்டில் விடுவார். நானோ கடிக்குப் பயந்து அப்படியே உள்ளே தள்ளிவிடுவேன். பழையதும் சேர்ந்துதான் என் குழாய் நிரம்பியிருக்கிறது. இரண்டு மாத வேலை ஐயா! எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீர் கூடு கழுவுற வேலையைப் பாரும்" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் போத்தல்களில் எண்களை மட்டும் எழுதி வைத்திருந்தார். "எதுல மருந்துன்னு சொல்ல மாட்டேன். எல்லா எலியையும் நீங்களே தூக்குங்க, நான் பிடிச்சுக் காட்டுறேன்." மீண்டும் தொடங்கினோம். சிறுநீர் கூடியது உண்மை. முன்பு கண்ட அளவுக்கு இல்லை. ஈரலிலும் சிறுநீரகத்திலும் தீங்கெதுவும் தென்படவில்லை. பட்டம் கிடைத்தது. மன்னிப்பு மட்டும் நான் கேட்கவேயில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். சிறுநீரகம் பழுதாகி, கால்கள் வீங்கிக் கிடந்தார். "சேர், நம்ம பொல்பலா குடிக்கலாமா?"

ஓம் என்று சொல்ல வாய் துடித்தது. அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? "ஸ்டெல்லா, நாங்கள் பாத்தது சுகமான எலிகளை. உமக்கு என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது. டொக்டரைக் கேக்காமல் குடிக்காதேயும்." பிறகு, கழுவுற வேலையைப் பாரும் என்று கத்தியதற்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எலி கடிச்சதையே நான் மனசுல வைக்கல. பரவால்ல சேர், கத்துக்கிட்டீங்க."

அவர் எண் எழுதிய போத்தல் ஒன்று என் மேசையில் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவர் தந்ததுதான். அவரிடமே அதைச் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் தாங்க முடியவில்லை.