குகன் வாங்க இருந்த துவக்கு

ஞாயிறு மத்தியானம் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் குசினி மேசையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி ரஜனி. ஹியூஸ்டனில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவளின் தம்பி குகன். குகனின் மனைவி மலர். மலரின் மடியில் அவர்களின் மகள், மூன்று வயது.

சாப்பிட்ட கோப்பைகளை ஒதுக்கிவிட்டுக் குகன் ஒரு விளம்பரத் தாளை விரித்தான். இரண்டு கைத்துவக்குப் படங்கள். ஒரே கொம்பனி, ஒரே உருவம். பக்கத்தில் இருக்கும் சின்ன லீவர் மட்டும் இரண்டிலும் வேறு வேலை செய்யும் என்றான். இந்த நாட்டில் அப்படி ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் மறியல், ஜெயில்தான். அவனுடைய நாட்டில் கடையில் வாங்கலாம். அங்கே அவனுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. 2009 மாசியில் முகத்தை மூடிய ஒருவன் உள்ளே வந்து, குகனின் நெற்றியில் துவக்கை வைத்து, கல்லாவைத் துடைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தானும் ஒன்று வாங்குவதென்று நிற்கிறான். எது என்பதை அத்தான் சொல்லட்டுமாம். எங்கள் ஆட்கள் அப்படித்தான். காணி வாங்கினாலும் கல்யாணம் பேசினாலும் மூத்த அத்தானிடம் ஒரு சொல் கேட்கவேண்டும். அத்தானுக்கு அது தெரியுமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

"இதுக்குப் பேர் டீகொக்கர். சுத்தியல் சுடுறதுக்கு ரெடியா மேலை நிக்கும். இந்த லீவரை அமத்தினா வெடிக்காமல் கீழை வந்திடும். பிறகு சுடுறதெண்டா விசையை நல்லா இழுக்கவேணும். ஆனா லொக் இல்லை."

"மற்றது?" என்றேன்.

"மற்றதிலை லொக் இருக்கு. போட்டா விசை அசையாது. சுடமுதல் பெருவிரலாலை எடுக்கவேணும். எடுக்க மறந்தா நான் செத்தன்."

"டேய், கார் வாங்கிற மாதிரிக் கதைக்கிறாய்," என்றாள் ரஜனி.

மலர் தாளைத் தொடவில்லை. "அண்ணை, இவள் கதிரை வைச்சு ஏறி அலுமாரி திறக்கிறவள். துவக்கு வீட்டுக்கு வந்தா நானும் பிள்ளையும் இஞ்சை நிண்டிடுவம். அவர் தனியப் போகட்டும்."

குகன் சிரித்தான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எனக்குத் துவக்கின் மற்றப் பக்கம்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஆமி காவல் நிற்கும் சென்றிப் பொயின்ருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். ஆமிக்காரனின் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டோம். கையைத்தான் பார்ப்போம். கோபக்காரனுக்கு அவ்வளவு பயமில்லை. ஏசுவான், மறித்து வைப்பான், பிறகு விடுவான். புதிதாக வந்து நிற்கும் பெடியனின் கை நடுங்கினால்தான் பயம், துவக்கு தவறி வெடித்துவிடும். ஜெர்மனியில் ஏழு வருடம் இருந்தேன். அங்கும் பொலிஸ்காரரைக் கண்டால் கண் முதலில் இடுப்புக்குப் போகும். லண்டனுக்கு வந்த கிழமை பார்த்தேன், பொலிஸ்காரரின் இடுப்பில் துவக்கு இல்லை. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். எனக்கே பழக வருடங்கள் எடுத்தது.

அடுத்த நாள் குகனோடு கடைத்தெருவுக்குப் போனேன். ரெயில் நிலைய வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். குகன் அவருடைய இடுப்பைப் பார்த்தான். பிறகு நேரே போய், "நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று இங்கிலிஷில் கேட்டுவிட்டான். அவர் ரேடியோவையும் தடியையும் தட்டிக் காட்டினார். பிறகு குகனை வடிவாகப் பார்த்து, "உங்களை யாராவது மிரட்டுகிறார்களா, சேர்?" என்றார்.

குகன் வாய் திறந்தான். "ஓம்," என்றான். தமிழில்.

அவர் என்னைப் பார்த்தார். விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்றேன். நல்லாய்ச் சுற்றிப் பாருங்கள் என்று வாழ்த்தினார்.

கொஞ்சத் தூரம் போனபின் குகன் நின்றான். "அத்தான், கையைப் பாருங்கோ." வலது கை நடுங்கியது. "கடைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டா ஒவ்வொருக்காலும் இப்பிடித்தான். லொக்கை எடுக்க இந்தப் பெருவிரல் கேக்காது. அதுதான் டீகொக்கர் எண்டு நிக்கிறன்."

"மலருக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்லை."

வீட்டுக்கு வந்து, குகனின் கை நடுங்குவதை எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "இந்தக் கைக்கு லொக் இருந்தாச் சுடாது. லொக் இல்லாட்டி ஆரைச் சுடுமெண்டு தெரியாது. ரெண்டும் வேண்டாம்."

மலர் எழும்பி வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பயந்திடுவாய்."

"நீங்கள் பயப்பிடேல்லை எண்டுதான் நான் பயந்தனான்," என்றாள்.

துவக்கு வேண்டாம் என்றால் வேறு ஒன்று சொல்லவேண்டும். என்னிடம் இருந்தது என் வேலைதான். ஹவுன்ஸ்லோவில் பெற்றோல் செட்டில் நிற்கிறேன். இரவு பத்து மணிக்குப் பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து விற்போம். காசும் சாமானும் ஒரு லாச்சி, தள்ளி இழுக்கும் தட்டு, வழியாகப் போய்வரும். மனேஜரிடம் கேட்டு ஒருநாள் குகனைக் கூட்டிப்போய் உள்ளே நிற்க விட்டேன்.

"மறியல் கூடு மாதிரி இருக்கு, அத்தான்."

"நிண்டு பார்."

வெளியே ஒருவர் பால் கேட்டார். குகன் போத்தலை லாச்சியில் வைத்துத் தள்ளினான். மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தான். நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தன்பாட்டில் வேலை செய்தது.

ஹீத்ரோவில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனார்கள். கார்த்திகையில் ஹியூஸ்டனில் இருந்து ரெலிபோன் வந்தது. கடையில் கல்லாவுக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி பூட்டியாயிற்றாம். சனங்கள் முதல் கிழமை முறைத்தார்களாம், இப்போது பழகிவிட்டார்களாம். பின்னேரங்களில் மலரும் கல்லாவில் நிற்கிறாள். "அண்ணை, இவருக்கு மிச்சக் காசு எண்ணத் தெரியாது, என்னட்டை விட்டாச்சு," என்றாள். பின்னால் குகன் ஏதோ சொல்லிச் சண்டை பிடிப்பது கேட்டது.

கண்ணாடி எவ்வளவு தடிப்பு என்று கேட்டேன். ஒன்றேகால் அங்குலம் என்றான். இங்கே பள்ளியில் மில்லிமீற்றர் படித்த என் பிள்ளைகளுக்கு அங்குலத்தில் சொன்னால் விளங்காது. எனக்கோ விரலை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு விரல்களைச் சேர்த்து மேசையில் வைத்தேன். கண்ணாடி அதைவிடக் கொஞ்சம் குறைவு. பிறகு ரஜனியின் அளவுகோலை எடுத்து ஒன்றேகால் அங்குலத்துக்கு எதிரே இருந்த கோட்டைப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு மில்லிமீற்றர்.