நான்கு விரல் கட்டை

முதுகெலும்பில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த ஏழாவது வருஷம், செஞ்சியில் எனக்குத் தொகுப்பு வீடு கிடைத்தது. அரசாங்கம் கட்டித் தரும் வீடு என்பதால் அதற்கென்று ஒரு பிளான் உண்டு. அந்தப் பிளானில் வாசலுக்கு மூன்று படி. என்னை மாதிரி ஒருத்தி அந்த வீட்டுக்குள் எப்படிப் போவாள் என்று அதை வரைந்தவர் யோசித்திருக்க மாட்டார்.

ஓவர்சியரைப் பார்க்க நாலு தடவை அலைந்தேன். “எல்லாருக்கும் ஒரே பிளான்மா. மாத்துனா பில் பாஸ் ஆகாது” என்றார்.

“எல்லாருக்கும் என் கால் மாதிரியா சார் இருக்குது?” என்று கேட்டேன். என் வாய் அப்படி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து அதன் அகலத்தை அளந்துகொண்டு போனார். ஒரு மாதத்தில் மேலே எழுதி அனுமதி வாங்கிவிட்டார். படிக்குப் பதில் சாய்தளம், அகலமான கதவு, கழிப்பறையில் கைப்பிடி. அன்றைக்கு நான் அழுதேன். கோட்டையையே பிடித்துவிட்ட மாதிரி தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்புறம் வாசக்கால் வைக்கும் நாள் வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர்தான் அனந்தபுரத்து ஆசாரியிடம் சொல்லி வேப்பமரத்தில் செய்து வாங்கியிருந்தார். கீழே குறுக்கே நான்கு விரல் உயரத்துக்குக் கட்டை. அந்தக் கட்டை இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் வாசக்கால் வைப்பதில்லை. வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்பார்கள். அடியில் நவதானியம் போட்டார்கள். கட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது நான்தான். நாற்காலியிலிருந்து விழாத குறையாகக் குனிந்து, ஆசை ஆசையாகப் பூசினேன். என் சக்கரம் அதை எப்படித் தாண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கதவின் அகலத்துக்காக ஓவர்சியரிடம் விரல்கடை விரல்கடையாகச் சண்டை போட்டவள் நான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பால் காய்ச்சிய அன்றைக்குத்தான் தெரிந்தது. சாய்தளத்தில் யார் துணையும் இல்லாமல் ஏறினேன். முன்சக்கரம் கட்டையில் முட்டி நின்றது. பின்னால் நகர்ந்து வேகமாக வந்தேன். மறுபடியும் நின்றது.

தம்பி ஓடிவந்தான். “இன்னாக்கா, இதுக்குப் போயி. நான் தூக்கிட்டுப் போறேன்” என்று நாற்காலியைப் பிடித்தான்.

“கைய எடு. நீ வேலைக்குப் போய்ட்டா யாரு தூக்குவா? சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே கெடக்கவா?” என்றேன். பிறகு நைனாவைப் பார்த்து, “இத்த அறுத்துடு நைனா” என்றேன்.

நைனா அம்மாவைப் பார்த்தார். “பூசை போட்ட வாசக்கால அறுக்கறதா?” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. உள்ளே எல்லாரும் கூடி நின்றார்கள், பால் பொங்கியது. அவர்கள் போட்ட சத்தத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. என் வீட்டில் பொங்கிய பாலை நான் பார்க்கவில்லை.

முதல் டம்ளர் பாலை அம்மா எனக்குத்தான் கொண்டுவந்தாள். கட்டைக்கு உள்ளே அவள், வெளியே நான். வாசப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று சின்ன வயதில் என் முதுகில் நாலு போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நீட்டிய கை பாதியில் நின்றது. கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒருநாள் மட்டும் இல்லை, இனி தினமும் இப்படித்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, “ரம்பத்த எடுத்துகினு வாங்க” என்றாள்.

அறுத்தெடுத்த கட்டை மஞ்சளும் குங்குமமுமாகச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைக்கிறாள். வாசலில் அந்த இடம் இப்போது தரையோடு தரை. ஆனாலும் அங்கே வந்ததும் அம்மா காலை உயரத் தூக்கித்தான் வைக்கிறாள், நைனாவும் அப்படித்தான். நான் அவர்களுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.