வில் மட்டும் நகரும் இடம்

மாதவிடாய் நின்றுபோய் வெகுநாளான பிறகு ஒரு காலையில் புடவையில் சிவப்பாகக் கறை தெரிந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அலசிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். விருத்தாசலத்தில் எதற்கெடுத்தாலும் சூடுதான் காரணம். அதிலும் சூளைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? மோர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். கறை நிற்கவில்லை, இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்படிக் கறை தெரிந்தால் மோரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.

செராமிக் பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் எனக்கு வேலை. சூளையிலிருந்து ஆறி வரும் ஊறுகாய் ஜாடிகளில் நல்லதையும் வெடித்ததையும் பிரிக்க வேண்டும். சில வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது. ஜாடியை உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டினால் நல்லது கணீரென்று ஒலிக்கும், வெடித்தது தொப்பென்று அடங்கிவிடும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, அங்கே எல்லாப் பெண்களும் செய்வதுதான். காது வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். தினமும் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் (ரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும், பிளாட்டினம் சேர்ந்த மருந்து) என்று மருத்துவர் விளக்கினார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"பிளாட்டினமா? கல்யாணத்துக்குத் தங்கமே சரியா போடல, இப்ப பிளாட்டினம் போடறாங்க பாரு உனக்கு" என்றார் என் கணவர். அவர் ஸ்ரீமுஷ்ணம் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டுகிறவர். பயம் வந்தால் கேலி பேசுவார். நான் சிரிக்கவில்லை, மருத்துவர்தான் சிரித்தார். அதன் பிறகு வாந்தி, சிறுநீரகம், காதில் இரைச்சல் என்று என்னென்னவோ சொல்லி, "எது வந்தாலும் உடனே சொல்லிடணும்ங்கம்மா" என்றார். என் மனதில் சிறுநீரகம் மட்டும்தான் நின்றது.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். முதல் மருந்து ஏற்றும் நாளில், நேரம் போவதற்கு ஏதாவது பாட்டு கேளுங்கள் என்றார் செவிலியர். கைப்பேசியில் வயலின் என்று தேடினேன். சினிமாப் பாட்டு வரும் என்று நினைத்து முதலில் வந்ததை அழுத்திவிட்டேன். வந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், பின்னால் பெரிய வாத்தியக் கூட்டம். கான்செர்ட்டோ (ஒற்றை வாத்தியமும் பெரிய குழுவும் சேர்ந்தும் மாறியும் வாசிக்கும் மேற்கத்திய இசை) என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். வேறு ஏதாவது மாற்றலாம் என்றால் வலது கையில் ஊசி, இடது கையில் ரத்த அழுத்தப் பட்டை. கணவர் டீ குடிக்கப் போயிருந்தார். தலையெழுத்தே என்று முழுதும் கேட்டேன்.

அந்த மனிதர் முகத்தில் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் போலக் கருமமே கண்ணாக வாசித்தார். நடுவில் மெதுவாகப் போகும் பகுதியின் கடைசியில் குழு முழுவதும் நிறுத்திவிடுகிறது. வயலின் மட்டும் ஏறி ஏறி, இதற்கு மேல் இடமில்லை என்கிற உயரத்தில் ஒரே சுரத்தில் நிற்கிறது. நூல் மாதிரி மெல்லிய சத்தம். அது நிற்கும்வரை எனக்கு ஊசி வலிக்கவில்லை. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அழாதவள் அங்கே அழுதேன்.

திரும்பி வந்த கணவர் கொஞ்சம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னா ராணி இது, சாவு வூட்டுல வாசிக்கிற மாதிரி இருக்குது. வேற எதுவும் கெடைக்கலியா உனக்கு?"

பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவள் அமுதா. சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள். "நிறுத்தாதீங்கக்கா, இருக்கட்டும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "யாரோ பலமா அடிபட்டுட்டு வெளிய சொல்லாம இருக்கற மாதிரி இருக்குதுக்கா" என்றாள். அடுத்த வாரமும் அவளுக்காக வைத்தேன். அதற்கடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். செவிலியரிடம் கேட்டேன். அவர் என் மருந்துப் புட்டியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறையில் படுத்தே கிடந்த நாட்களில் காணொளிக்குக் கீழே கேட்டவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். எந்தெந்த நாட்டுக்காரர்களோ. மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தினால் கொச்சையாக ஒரு தமிழ் வரும். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து இதைக் கேட்டேன் என்று ஒருவர். சிறையிலிருந்து வெளியே வந்த அன்று கேட்டேன் என்று இன்னொருவர். வேகம் அதிகம் என்று சிலர், வேகம் போதாது என்று சிலர். அரங்கில் யாரோ ஒருவர் நடுவில் இருமியிருக்கிறார். அந்த இருமல் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று பெரிய சண்டையே நடந்திருந்தது. இருமியவருக்கு என்ன வியாதியோ என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. ஊரில் என்னைப் பார்க்க வந்தவர்கள் நோயின் பெயரைச் சொல்லவே கூசினார்கள். கருப்பை என்றாலே தலையைக் குனிந்துகொண்டார்கள். இங்கே முகம் தெரியாதவர்கள் தங்கள் துக்கத்தைப் போட்டு உடைத்திருந்தார்கள்.

மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு அந்த உச்சிச் சுரம் மெலிந்துபோனது. நான்காவதற்குப் பிறகு அது இல்லவே இல்லை. வயலின் ஏறிக்கொண்டே போகும், ஓர் இடத்தில் சட்டென்று அறுந்துவிடும். படத்தில் வில் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். கைப்பேசி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். வார விடுமுறைக்கு விருத்தாசலம் வந்தபோது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாதாங்கம்மா கேக்குது, ஸ்பீக்கருல ஒண்ணும் இல்ல" என்றார். இவருக்குத் தொழில் தெரியவில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கைப்பேசியில் கோளாறு இல்லையென்றால் பதிவில்தான் ஏதோ கோளாறு. வேறு யாராவது இதே குறையைச் சொல்லியிருக்கிறார்களா என்று கீழே தேடிக்கொண்டே போனேன். வெகுதூரம் போன பிறகு ஒரு பெண் எழுதியது கிடைத்தது. தன் முகத்துக்குப் பதிலாகப் பூனைப் படம் வைத்திருந்தாள். பொத்தானை அழுத்தினேன். தனக்குப் பிளாட்டினம் மருந்து ஏற்றுகிறார்கள், கட்டி சுருங்குகிறது, ஆனால் அந்த உயர்ந்த சுரம் தனக்கு இப்போது கேட்பதில்லை, வில் அசைவது மட்டும் தெரிகிறது என்று எழுதியிருந்தாள். சில வருடங்களுக்கு முந்தைய பதிவு. 

கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காணொளியை ஓடவிட்டேன். அந்த இடம் வந்தது.

"இப்ப சத்தம் வருதாங்க?"

"வருது. காதக் கிழிக்குது."

"இப்ப?"

"இப்பவும்தான் வருது. ஏன், உனக்கு வரலியா?" என்று கேட்டார்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்து கழுவிக் கவிழ்த்திருந்த ஜாடியை எடுத்துத் தட்டினேன். தொப்பென்றது. வெடித்துவிட்டது என்று ஒருநொடி சந்தோஷப்பட்டேன். கணவர் வாங்கித் தட்டினார். "நல்லா கணீர்னுதான இருக்குது" என்றார். அந்த ஜாடி நானே தட்டிப் பார்த்து எடுத்து வந்தது. அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். கோடு பாதிவரை சமமாகப் போய்ப் பிறகு பள்ளத்தில் விழுந்திருந்தது.

"முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்றார் மருத்துவர். திட்டியிருந்தால் பரவாயில்லை, வருத்தமாகக் கேட்டார்.

"போன் ரிப்பேருன்னு நெனைச்சேங்க" என்றேன்.

போன காது திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது என்றார். காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றனவாம். அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இன்னும் இரண்டு முறை மருந்து பாக்கி இருந்தது. "மாத்து மருந்து இருக்குதுங்கம்மா. காதுக்கு அது பரவால்ல. ஆனா உங்க கட்டிக்கு இதத்தான் நான் நம்புறேன். இதுல இன்னும் கொஞ்சம் காது போகலாம். நீங்க யோசிச்சு சொல்லுங்க."

"காது போனா போவட்டும் டாக்டர், ஆளு இருந்தா போதும்" என்றார் கணவர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. போவது இவர் காதா? தட்டிப் பார்த்துச் சோறு தின்கிறவள் நான். எழுந்து நடைவழிக்கு வந்துவிட்டேன். தள்ளுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் சக்கரங்கள் முன்பு கிறீச்சிடும், அன்று சத்தமில்லாமல் போயின. அதுவரை அதைக்கூட நான் கவனிக்கவில்லை. பயமாக இருந்தது. சாக எனக்கு விருப்பமில்லை என்று அங்கே நின்றபோது தெளிவாகத் தெரிந்தது. உள்ளே போய் அதே மருந்தை ஏற்றச் சொன்னேன்.

சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் காதில் லேசாக இரைந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். முன்னால் சொல்லியிருந்தால் முன்னால் யோசித்திருக்கலாம்.

இப்போது டினிடஸ் (வெளியே சத்தமில்லாமல் காதுக்குள் தானாகக் கேட்கும் இரைச்சல்) எப்போதும் இருக்கிறது. குக்கர் ஆவி விட்டுக்கொண்டே இருப்பது போல. பெண்களின் பேச்சும் குழந்தைகளின் பேச்சும் குழைந்துபோய்க் கேட்கின்றன. மகள் போனில் பேசினால் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரிவதில்லை. கணவரின் கட்டைக் குரல் மட்டும் நன்றாகக் கேட்கிறது. எது போக வேண்டுமோ அது போகவில்லை என்று அவரிடமே சொன்னேன்.

வேலைக்குத் திரும்பிப் போனேன். முதல் நாளே நல்ல ஜாடிகளைக் கழிசல் பக்கம் அடுக்கிவைத்திருந்தேன். மேற்பார்வையாளர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "ராணிக்கா, நீங்க பேக்கிங்ல ஒக்காருங்க, அங்க ஆளு பத்தல" என்றார். ஆள் போதுமான அளவு இருந்தது எனக்குத் தெரியும். இப்போது ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றுகிறேன். மற்ற பெண்கள் தட்டுகிறார்கள், எல்லாமே எனக்கு வெடித்த ஜாடிகளாகவே கேட்கின்றன.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் கருப்பைவாயில் கட்டி இல்லை. ஆனால் இடுப்புக்குள் ஒரு நிணநீர்க் கணு (கிருமியைத் தடுக்கும் சிறு முடிச்சு) அந்தப் படத்தில் இன்னும் ஒளிர்கிறது. கதிர்வீச்சின் புண்ணாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். பொறுத்துப் பார்த்து மறுபடி எடுக்கலாம் என்றார் மருத்துவர். காதும் இன்னும் இறங்கக்கூடும், மருந்து உடம்பை விட்டு முழுதாகப் போக நாளாகும் என்றார்.

பூனைப் படம் வைத்திருந்தவளுக்கு நான் தமிழிலேயே எழுதினேன். எனக்கும் அந்த இடம் கேட்கவில்லை அம்மா, உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று. அவளுக்கும் ஒரு பொத்தான் இருக்கும் அல்லவா? பதில் வரவில்லை. அவ்வப்போது பார்க்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து திரும்பிய கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தார். கைப்பேசியில் அந்தக் காணொளியை வைத்தார்.

"நீ சும்மா பாரு. நான் சொல்றேன்" என்றார். வயலின் உள்ளே நுழைந்ததும், "ஸ்டாண்ட உட்டு வண்டி எடுத்தாச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இது கருவேப்பிலங்குறிச்சி. கூட்டம் ஏறுது, எல்லாரும் ஒண்ணா கத்துறாங்க" என்றார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறுத்தம் வைத்திருந்தார். சாவு வீட்டு வாசிப்பு என்றவர் மதிய ஓய்வில் பேருந்திலேயே உட்கார்ந்து பல நாள் கேட்டிருக்கிறார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு உனக்கு மொத்தமா கேக்கலன்னா யாரு சொல்றது?"

மெதுவான பகுதி வந்தது. எனக்குக் கீழ்ச் சுரங்கள் கேட்டன, பிறகு அவையும் மேலேறி என்னை விட்டுப் போயின. கணவர் ஆட்காட்டி விரலைத் தூக்கினார். படத்தில் வில் நகர்ந்தது. முன்பெல்லாம் அந்தச் சுரம் வந்ததும் போய்விடும். இப்போது அது எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. காதுக்குள் குக்கர் இரைகிறது, இடுப்புக்குள் ஏதோ ஒளிர்கிறது, அவர் விரல் இறங்கவில்லை.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குது, இரு" என்றார். "இந்த எடத்துல எனக்கு எப்பவும் பயமா இருக்குது ராணி. அறுந்துடுமோன்னு."

 வில்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கீழே இறக்கிய பிறகுதான் மூச்சு விட்டேன்.