சுகுமாரனின் நேரத்துக்கு மதிப்பில்லை

கலாதேவிக்குக் கோபம் வந்தால் சுங்காய் டவுனில் நைனா முகம்மதுவின் கடைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கே தெரிந்துவிடும். பின்கட்டில் அவள் வெங்காயம் நறுக்குகிற சத்தம், ரொட்டிக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தத்தையும் மீறிக்கொண்டு வரும். "கலா, பலகை ஒடஞ்சிரப் போவுது," என்று கல்லாவிலிருந்து நைனா முகம்மது குரல் கொடுப்பார். சத்தம் குறையாது. அவள் வீட்டுப் பக்கத்து ஆற்றுப் பாலத்தை மூடிய பிறகு அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டது.

அது ஒரு தொங்குபாலம். ரப்பர் இருந்த காலத்தில் தோட்ட நிர்வாகம் பால் வெட்டுகிறவர்களுக்காக ஆற்றின்மேல் இரும்புக் கம்பி இழுத்து, பலகை அடித்துக் கட்டியது. ரப்பர் போய், எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. தோட்டம் ஒரு கை மாறி, இன்னொரு கையும் மாறியது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதிக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன. கலாதேவியும் அவள் கணவர் சுகுமாரனும் போகவில்லை. போக வசதியில்லை என்பது ஒன்று. இன்னொன்று, சுகுமாரனுக்கு ரத்தம் சுத்திகரிக்கிற டயலிசிஸ் நிலையம் அக்கரையில், பெரிய சாலையோரத்திலேயே இருந்தது.

சுகுமாரன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோய் முதலில் இடது பாதத்தை வாங்கிக்கொண்டது; பிறகு சிறுநீரகத்தைக் கெடுத்தது. வாரத்தில் மூன்று நாள் கலாதேவி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பாலத்தின்மேல் தள்ளிக்கொண்டு போவாள். நிலையத்தில் விட்டுவிட்டு அங்கிருந்தே பஸ் பிடித்து வேலைக்குப் போவாள். பலகை ஆடும்போதெல்லாம், "பிரேக்கப் புடி கலா, சரக்கு சாயுது," என்று சுகுமாரன் சிரிப்பார்.

ஒரு வெள்ளத்தில் பலகைகள் பிய்ந்து போயின. நகராண்மையிலிருந்து வந்து இரண்டு பக்கமும் தகரம் அடித்து மூடினார்கள். அதன்பிறகு அக்கரைக்குப் போக வேண்டுமென்றால், செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் சுற்றிக்கொண்டு வேன்தான். மழை பெய்தால் வேன் வராது. வராத நாளில் சுகுமாரனின் முகம் வீங்கிவிடும். இரவெல்லாம் மூச்சு வாங்கும்.

லயத்துக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். முதலில், பாலம் யாருடையது என்றே யாருக்கும் தெரியவில்லை. அது தீர்ந்த பிறகு ஒரு விதிமுறை வந்து குறுக்கே நின்றது. அரசாங்கப் பணத்தில் எதைக் கட்டினாலும், அதனால் வரும் நன்மை செலவைவிடக் கூடுதல் என்று முதலில் ஆய்வு செய்து காட்ட வேண்டுமாம்.

"அதுக்கென்ன, வந்து பாக்கட்டும்," என்றாள் கலாதேவி. வந்து பார்த்தால் யாருக்கும் புரியும் என்று நம்பினாள்.

ஈப்போவில் இருந்த ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஷாமினி என்ற பெண் வந்தாள். மரியாதையான பெண். தகரத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கலாதேவி மைலோ கலந்து எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா எண்ணுறே?"

"பாலத்துப் பக்கம் எத்தன பேரு வர்றாங்கன்னுதான்க்கா."

"மூடுன பாலத்துக்கு எவன்மா வருவான்?"

ஷாமினி குடையைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் தெரியுதுக்கா. ஆனா தொறந்தா இத்தன பேரு வருவாங்கன்னு எழுதணும்னா ஏதாச்சும் ஆதாரம் கேப்பாங்க. வீடு வீடா கேட்டும் எழுதிக்கிறேன், கவலப்படாதீங்க."

கேட்டாள். எல்லா வீட்டிலும் கேட்டாள். அதனால்தான், சில மாதங்கள் கழித்து, பாலம் நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது கலாதேவியால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனாள். ஒரு கடைவீட்டின் மாடியில் குளிர்ந்த அறைக்குள் ஷாமினி எழுந்து நின்று, "உக்காருங்கக்கா," என்றாள். கலாதேவி உட்காரவில்லை.

"என்னாத்த எழுதுனே நீ?"

ஷாமினி தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அரசாங்கம் ஒரு வெள்ளி பணம் செலவழித்தால் ஒரு வெள்ளிக்காவது நன்மை திரும்ப வர வேண்டும். இந்தப் பாலத்துக்கு முப்பது காசுகூடத் தேறவில்லை என்றாள். நன்மையில் பெரிய பங்கு, மக்களுக்கு மிச்சமாகிற நேரம். ஒருவரின் நேரத்துக்கு விலை போடுவது அவர் சம்பளத்தை வைத்து.

"எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு போட்டே?"

ஷாமினி மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினாள்.

"சொல்லு தங்கச்சி."

"அண்ணன் இப்ப வேலைக்குப் போவலதானேக்கா. வேல செய்யாதவங்க நேரத்துக்கு... அனேகமா ஒண்ணும் வராது. லயத்துல இப்ப இருக்கிறவங்க நெறைய பேரு வயசானவங்க."

"அவரு அந்த மெசினுக்குப் போவலைன்னா செத்துருவாருமா."

"நான் எழுதினேன்க்கா. சத்தியமா எழுதினேன். மேல பாத்த அதிகாரி, அது சுகாதாரத்துச் செலவு, பாலத்துக் கணக்குல வராதுன்னு அடிச்சிட்டாரு." ஷாமினி திரையில் அடித்திருந்த வரியைக் காட்டினாள். "விபத்து ஏதாச்சும் நடந்திருந்தா அது கணக்குல வரும். உயிர்ச்சேதம்னா பெரிய தொகை. ஆனா அங்க யாரும் விழலையே."

"அப்ப யாராச்சும் ஆத்துல விழணுமா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"நீ சொல்லல. ஒன் கணக்கு சொல்லுது."

கலாதேவி படியிறங்கி வந்து சாலையோரத்தில் நின்றாள். அந்தப் பெண்ணை அடித்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும் என்று தோன்றியது. ஆனால் அடிக்கத் தகுந்த ஆள் அவள் இல்லை. அடிக்கத் தகுந்த ஆள் எங்கே இருக்கிறான் என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சுகுமாரனிடம் சொன்னபோது அவர், "உண்மதானே கலா. என் நேரம் சும்மாதானே கெடக்கு," என்றார். அந்த வார்த்தைக்காக அவள் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த ஆண்டு, தகரம் அடித்த இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் இயந்திரங்கள் வந்து இறங்கின. பாலம்தான் கட்டுகிறார்கள் என்று லயத்தில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். கலாதேவி நம்பவில்லை. போய்ப் பார்த்தாள். உண்மைதான். தோட்டத்துக்கு உள்ளே இருந்த செம்பனை ஆலையின் லோரிகள் பெரிய சாலைக்குச் சுற்றிக்கொண்டு போகாமலிருக்கக் கான்கிரீட் பாலம். லோரிகளின் நேரத்தைக் கணக்கில் போட்டதும் நன்மை செலவைத் தாண்டிவிட்டதாம். அரசாங்கமும் ஆலையும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"பரவாயில்லலா," என்றார் பக்கத்து வீட்டுப் பத்துமலை. "யாருக்குக் கட்டுனா என்ன, நாமளும் போலாம்தானே?"

திறப்பு விழாவில் பந்தல் போட்டு, பிரியாணி போட்டார்கள். கலாதேவி பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். லோரி போகும் அகலம் இருந்தது. நடப்பதற்கு ஓரம் இல்லை. முனையில், நடந்து செல்லத் தடை என்று மலாயில் எழுதிய பலகை. கையில் தட்டோடு நின்ற பொறியியலாளரிடம் போய்க் கேட்டாள். அவர் தமிழர்தான்.

"நடைபாதை வச்சா செலவு கூடும்மா. அதுக்குத் தனியா ஒரு ஆய்வு செஞ்சி, நன்மை இருக்குன்னு காட்டணும்."

கலாதேவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் நின்றது.

அடுத்த டயலிசிஸ் நாளன்று அவள் சுகுமாரனை நாற்காலியில் வைத்து நேராகப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆலை காவலுக்கு வைத்திருந்த ஜாகா, நேப்பாளத்துப் பையன், கைகளை விரித்து மறித்தான். "தா போலே, அக்கா," என்று மலாயில் முடியாதென்றான்.

"போலே, முடியும்," என்று சொல்லிவிட்டு அவள் தள்ளினாள்.

ஓரம் இல்லாததால் நடுவில்தான் போக வேண்டியிருந்தது. பின்னால் ஒரு லோரி வந்தது, பிறகு இன்னொன்று. ஹாரன் அடித்தார்கள். சுகுமாரன் நெளிந்தார். "பாவம்டி. டிரிப்புக்குத்தான் அவனுங்களுக்குக் காசு. கொஞ்சம் வெரசா போயேன்."

"வெரசா போனா நீங்க கீழ விழுவீங்க," என்றாள் அவள்; நடையைக் கூட்டவில்லை.

வாரம் மூன்று நாள், போகவும் வரவும் அப்படியே நடந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மருந்து வாங்கப் போகும் கிழவிகள், சைக்கிளில் பத்துமலை. லோரிகள் பின்னால் வரிசை கட்டின. ஆலை மேலாளர் வந்து கெஞ்சினார், பிறகு போலீசைக் கூப்பிடுவேன் என்றார். போலீஸ் வந்தது. நாற்காலியில் இருந்தவரின் கையில் ஊசி போட்ட இடத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. கடைசியில் ஆலையே பாலம் கட்டிய அரசாங்க இலாகாவுக்குப் புகார் எழுதியது: லோரிகள் தாமதமாகின்றன.

ஒரு நாள் கடையில் வேலையாக இருந்தபோது ஷாமினி கைப்பேசியில் அழைத்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, நடைபாதைக்கு மறுபடி ஆய்வு குடுத்திருக்காங்க. இந்தத் தடவ நிக்கும்க்கா! லோரி தாமதமாவுறது கணக்குல வருது. லோரி நேரத்துக்கு நல்ல மதிப்பு இருக்கு."

கலாதேவி கத்தியைப் பலகைமேல் வைத்தாள். "அப்ப எங்களுக்காக இல்ல," என்றாள்.

"இல்லதான்க்கா. ஆனா நடைபாதை கெடைக்கும்தானே?"

"எப்ப?"

"ஒப்புதல் வரணும். ஒரு வருசம் ஆவலாம். அதுவரைக்கும் பாலத்துல நடக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீங்க நடக்கலைன்னா லோரி தாமதமாவாது. தாமதமில்லைன்னா நன்மையும் வராது. நான் சொன்னதா சொல்லாதீங்கக்கா."

கலாதேவி கைப்பேசியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் முன்னாலிருந்த மேசைகள்வரை கேட்டது. இந்தத் தடவை நைனா முகம்மது ஒன்றும் சொல்லவில்லை. என்ன சத்தம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது, பேசாமல் சாப்பிடுங்கள் என்று மட்டும் கைகாட்டினார்.

மறுநாள் டயலிசிஸ். காலையிலிருந்தே மழை. சுகுமாரன், இன்றைக்கு வேனைக் கூப்பிடலாமா என்று கேட்டார். வேன் வராது என்று இருவருக்குமே தெரியும். கலாதேவி அவர் மடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, குடையை அவர் கையில் கொடுத்தாள். தன் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியைச் சேற்றுக்குள் இறக்கினாள். பாலத்து முனையில் ஜாகா இருவரையும் பார்த்தான், ஒதுங்கி நின்றான். பின்னால் லோரி ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் தள்ளினாள்.